பதினஞ்சுலருந்து எறங்குற முள்ளு

சரியா மூணு அஞ்சுக்கு, ரேடியேட்டர் வாயில மாட்டியிருந்த கைப்பம்பை அமுக்கி அமுக்கி, மீட்டர் முள்ளைப் பதினஞ்சுல கொண்டாந்து நிறுத்துனா கோகிலவாணி. இனி அரைமணி நேரம் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். முள்ளு அங்கேயே நின்னா தண்ணி எங்கயும் போகல. எறங்குச்சுன்னா இஞ்சினுக்குள்ளயே எங்கயோ ஒரு வழி இருக்கு. எறங்கும், எறங்கத்தான் போகுது, அதுல அவளுக்குச் சந்தேகமே இல்ல, ஊருக்கே தெரியும், டீம்ல கூட இருக்கற பரணிதரன் போட்ட ஹெட் கேஸ்கட், தண்ணிய உள்ள விடாம அடைக்கற தகடு, அதோட லட்சணத்தக் காட்டாம எங்க போகும். ஆறு தடவை வண்டிய மண்ணுல ஓட்டியாச்சு. ஆறு தடவையும் ஒரு டம்ளர் கூலண்ட், இஞ்சின் சூட்டை ஆத்தற பச்சைத் தண்ணி, காணாமப் போச்சு, தரையில ஒரு சொட்டு இல்ல, ஹோஸ் பைப்புல ஈரம் இல்ல, கடைசியா திங்கக்கிழமை ஆயிலைத் தொறந்து பாத்தா மெஸ் டீ மாதிரி கலங்கிக் கெடக்கு. கூலண்ட் ஆயில்ல கலக்குதுன்னு ஒண்ணாங் கிளாஸ் புள்ளைக்கும் தெரியும். டிசம்பர்ல ஹெட்டைக் கழட்டி மாட்டுனவன் யாரு? பரணி. போல்ட்டை முடுக்குனவன் யாரு? பரணி. செவ்வாக்கிழமை அத்தன பேரு முன்னாடியும் கேட்டா, "டார்க் ரெஞ்ச்ல அளவு வெச்சு முடுக்குனயா, இல்ல உங்க ஊரு கைக்கணக்கா?" அவன் கிரீஸ் துணியில கையைத் தொடச்சுக்கிட்டே, "ரெஞ்ச் வெச்சுத்தான் முடுக்குனேன் வாணி, ரெண்டு தடவை செக் பண்ணேன்"ன்னான். "அப்ப தண்ணியை நான் குடிச்சனா?"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல. அன்னைக்கே காலேஜ் வண்டி டீமோட கேப்டன்ங்கிற முறையில, டீமைப் பாத்துக்கற ஞானசேகரன் சாருக்கு லெட்டர் எழுதிக் குடுத்தா, பரணிதரன அடுத்த வார வண்டிப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போற லிஸ்டுலருந்து எடுத்துரணும்னு. இன்னிக்கு நாலு மணிக்கு லிஸ்ட்டு போகுது. "அதுக்குள்ள ஒரு டெஸ்ட் எடுத்து வெச்சிரும்மா, ஹெச்ஓடி கேட்டா காட்ட ஒரு ஆதாரம் வேணும்"ன்னாரு சாரு. ஆதாரம். அதுக்குத்தான் இந்த முள்ளு.

முள்ளு அசையல. தகர ஷெட்டு, சித்திரை வெயிலு, மேல ஃபேன் சுத்துற சத்தம் மட்டும் கேக்குது, காத்தைக் காணோம். பரமத்தி ரோட்டுப் பக்கமிருந்து கோழித் தீவன நாத்தம் மெதுவா உள்ள வந்து உக்காந்துக்குச்சு. நாலு வருஷமா இந்த நாத்தத்துல படிச்சு, இது நாத்தம்னே மறந்து போச்சு அவளுக்கு, ஆனா அசதியா இருக்கற அன்னைக்கு மட்டும் மூக்கு ஞாபகம் வெச்சுக்குது. மூணு ராத்திரி சரியாத் தூக்கமில்ல. கண்ணை மூடுனா முள்ளு, தொறந்தா முள்ளு. அப்பாவும் இப்படித்தான் நிப்பாரு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி, போர் போடற வண்டி, அதுல கம்ப்ரஸர் பாக்கற வேலை அவருக்கு, வருஷத்துல பத்து மாசம் மத்தியப் பிரதேசத்துல எங்கயோ ஒரு காட்டுல ஒரு மீட்டரைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. போன் பண்ணி, "தண்ணி வந்துச்சாப்பா?"ன்னு கேட்டா, "எங்க கண்ணு, அறுநூறு அடி போயாச்சு, புகைதான் வருது"ம்பாரு. அங்க தண்ணி எங்க இருக்குன்னு தேடறாங்க, இங்க இருந்த தண்ணி எங்க போச்சுன்னு தேடறோம், குடும்பத் தொழிலே இதுதான் போல. ரிக்ல இருக்கற அத்தன பேருக்கும் தெரியுமாம், எம்பொண்ணு வண்டி டீமுக்குக் கேப்டன், நாலு சக்கரத்துல மண்ணு மலைன்னு ஏறுற வண்டி, ஏற்காட்டு ரிசார்ட்டுல டூரிஸ்ட்டுங்க ஓட்டித் தேச்சுத் தூக்கிப் போட்டத எம்பொண்ணு உசிர் குடுத்து ஓட வெச்சிருக்குதுன்னு. எம்பொண்ணு. அந்த உசிர்ல பாதி பரணி குடுத்ததுன்னு அப்பாகிட்ட அவ சொன்னதில்ல. அதெல்லாம் எதுக்கு இப்ப. முள்ளைப் பாரு.

பதினாலே முக்கால். எறங்கிருச்சு. அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா அந்தச் சிரிப்பு மூஞ்சி வரைக்கும் ஏறல, நடுவழியிலயே களைச்சுப் போய் உக்காந்துக்குச்சு. பாத்தயாடா, ரெண்டு தடவை செக் பண்ணானாம். கணக்குப் பேப்பரையும் ரெண்டு தடவை செக் பண்ணிருந்தா அரியர் வந்திருக்காதில்ல. இத அவன்கிட்ட நேராவே ஒரு தடவை சொல்லியிருக்கா, போன வருஷம், கேன்டீன்ல. அவன் பரோட்டாவைப் பிச்சுக்கிட்டே, "அரியர் பேப்பர்ல இருக்கு, கையில இல்ல"ன்னான். ரெண்டு கணக்குப் பேப்பரு, அதனால காலேஜ்ல நடக்கற எந்தக் கம்பெனி இன்டர்வியூவுக்கும் அவனை உள்ள விட மாட்டாங்க. போட்டி நடக்கற எடத்துல மட்டும்தான் கம்பெனிக்காரங்க நேரா வந்து நின்னு, யாரு கையி வேலை செய்யுதுன்னு பாத்து ஆளெடுப்பாங்க, மார்க்கு கேக்க மாட்டாங்க. அவனுக்கு இருக்கறது அந்த ஒரு கதவுதான். அதைத்தான் அவ... சரி, தப்புப் பண்ணா அனுபவிச்சுத்தான் ஆகணும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும். அவன் கதவுக்கு நானா பூட்டு. அம்மா சொல்லும், "உனக்கு வாயி முன்னால போகுது, புத்தி மூணாவது பஸ்ஸுல வருது." ஹாஸ்டல்ல அப்படித்தான் ஆச்சு, ரெண்டாவது வருஷம், பச்சை பக்கெட்டு. ஷாமிலி எடுத்து உடைச்சிட்டான்னு அந்த ஃப்ளோரே வேடிக்கை பாக்கற மாதிரி கத்தி, ஷாமிலி அழுது, ரூம் மாத்திக்கிட்டுப் போயிட்டா. பத்து நாள் கழிச்சு பக்கெட்டு மொட்டை மாடியில கெடந்துச்சு, இவளே துணி காயப்போடக் கொண்டு போனது. உடையல, ஒண்ணும் ஆகல. அதை யாருகிட்டயும் சொல்லாம ராத்திரியோட ராத்திரியா கட்டிலுக்கு அடியில தள்ளி விட்டுட்டா. ஷாமிலி இன்னிக்கும் மெஸ்ல எதுர்ல வந்தா தட்டைப் பாத்துக்கிட்டுத்தான் போறா. அந்தப் பக்கெட்டு எதுக்கு இப்ப ஞாபகம் வருது.

"என்ன கண்ணு, முள்ளு ஏதாச்சும் பேசுச்சா?" லேப் அசிஸ்டென்ட் சின்னப்பன் அண்ணன், ஒரு கையில டீ, ஒரு கையில ஷெட்டுச் சாவிக்கொத்து. "பதினாலு சொல்லுதுங்கண்ணா." "நீ பேசறதுல அதுக்கு வாய் தொறக்க எங்க நேரம்." டீயை இஞ்சின் மேல வைக்கப் போனாரு, அவ மொறச்சதும் பெஞ்சு மேல வெச்சாரு. "பரணி தம்பி மத்தியானம் பைய மாட்டிக்கிட்டு ஊருக்குக் கெளம்பிருச்சு. கம்பமா தேனியா அது ஊரு? சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போச்சு. வண்டிய ஒரு தடவை சுத்தி வந்து பாத்துச்சு பாவம், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி." "நான் ஒண்ணும் அவனை ஊருக்குப் போகச் சொல்லல." "நீ எங்க சொன்ன, லெட்டருதான எழுதுன." அவ பதில் சொல்ல வாயத் தொறந்தா. ரெடியா நாலு வார்த்தை இருந்துச்சு, நாலும் நல்ல கூர்மையான வார்த்தைதான், ஆனா எடுத்து வீசறதுக்குக் கையில தெம்பில்ல. சின்னப்பன் அண்ணன் தரையப் பாத்து நாக்கைத் தட்டுனாரு. "ஆகஸ்ட்ல அந்த சீஃப் கெஸ்ட் வந்தப்ப தரை எப்படி இருந்துச்சு, பெயின்ட் அடிச்சு, சோறு போட்டுத் திங்கலாம். இப்பப் பாரு." சொல்லிட்டுச் சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டே போயிட்டாரு. ஆகஸ்ட். அந்த வார்த்தை மட்டும் போகாம ஷெட்டுக்குள்ளயே நின்னுக்குச்சு.

பதிமூணரை. மணி மூணு இருபத்தஞ்சு. சும்மா உக்காந்திருந்தா கண்டதும் தோணுது. ஸ்பார்க் பிளக்கை ஏற்கனவே கழட்டித்தான் வெச்சிருந்தா. கேஸ்கட் போயிருந்தா இந்த அழுத்தத்துக்குத் தண்ணி சிலிண்டருக்குள்ள எறங்கியிருக்கணும். கம்பி நுனியில பஞ்சைச் சுத்தி, பிளக் ஓட்டை வழியா உள்ள விட்டு, பிஸ்டன் தலைய நாலு பக்கமும் தடவி வெளிய எடுத்தா. கருப்பு. கரி. ஈரமில்ல. சரி, இன்னும் எறங்கியிருக்காது, நேரமாகும். புதுப் பஞ்சு சுத்துனா. இந்தத் தடவை ஓரமாப் பாத்து விட்டா, கேஸ்கட்டு ஓரம், அங்கதான இருக்கும், வந்துரு, ஒரு சொட்டு, ஒரே ஒரு பச்சைச் சொட்டு. பஞ்சு காஞ்சு வந்துச்சு. மறுபடியும் சுத்துனா. அப்பத்தான் தன்னோட ஒதடு அசையறது அவளுக்கே தெரிஞ்சுது. வந்துரு வந்துருன்னு முணுமுணுத்துக்கிட்டு இருக்கா. எதுக்கு வேண்டிக்கிட்டு இருக்கோம்? எட்டு மாசம் உசிரக் குடுத்த இஞ்சினு, அது ஒடஞ்சிருக்கணும்னு, தான் சொன்ன எடத்துலயே ஒடஞ்சிருக்கணும்னு சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கா. கம்பியக் கீழ வெச்சா. ரேடியேட்டர் வாய்க்கிட்ட இருக்கற கண்ணாடிக் குழாயில ஒரு குமிழி கூட இல்லங்கறது நேத்து இஞ்சின ஓட விட்டுப் பாத்தப்பவே தெரியும். கேஸ்கட் போயிருந்தா சோத்துப் பானை மாதிரி கொதிச்சுக் குமிழி வரணும். நேத்து அதைப் பாத்தா. பாத்துட்டு, பாக்காத மாதிரி இஞ்சின ஆஃப் பண்ணிட்டா. ஆமா, பாத்தா.

அப்ப தண்ணி எந்த வழியாத்தான் ஆயிலுக்குப் போகுது. ஹெட்டு இல்ல. சிலிண்டர் விரிசலா இருந்தாலும் பஞ்சு நனைஞ்சிருக்கும், அதுவும் இல்ல. தண்ணியும் ஆயிலும் பக்கத்துப் பக்கத்து வீடா இருக்கற எடம் இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, வாட்டர் பம்பு. ஒரே ஷாஃப்ட்டு, இந்தப் பக்கம் தண்ணி, அந்தப் பக்கம் ஆயிலு, நடுவுல தடுப்பா ரெண்டு சீல்லு. ஆனா தண்ணி சீல்லு போனாலும் ஆயிலுக்குள்ள போக முடியாதே, ரெண்டு சீல்லுக்கும் நடுவுல கீழ ஒரு சின்ன ஓட்டை வெச்சிருப்பான், சீல்லு தேஞ்சா தண்ணி அது வழியா வெளிய சொட்டும், தரையில விழும், பாக்கறவனுக்குத் தெரிஞ்சுரும். சீல்லு போச்சு, மாத்துன்னு சொல்றதுக்குன்னே வெச்ச ஓட்டை அது. தரையில சொட்டே இல்லையே. சொட்டு இருந்தாத்தானே பம்பு. சொட்டு இல்ல. ஏன்னா. அவ மனசு அந்த 'ஏன்னா'கிட்ட வந்து நின்னுச்சு, திரும்பி ஹெட்டுக்குப் போச்சு, போல்ட்டுக்குப் போச்சு, பரணியோட கைக்கணக்குக்குப் போச்சு, செக்கு மாடு மாதிரி ஒரு சுத்து சுத்தி மறுபடியும் அங்கயே வந்து நின்னுச்சு. ஏன்னா. வெரல்ல ஒரு வாசம். எட்டு மாசம் ஆச்சு, வெரல்ல எதுவும் இல்ல, ஆனா வாசம் அடிக்குது, ரெண்டு களிமண்ணு உருண்டைய, ஒண்ணு வெள்ளை ஒண்ணு கருப்பு, ஒண்ணாப் பெசஞ்சா வருமே, சப்பாத்தி மாவுல மருந்தைக் கொட்டுன மாதிரி, ஓட்டை அடைக்கற எம்சீல் வாசம். ஆகஸ்ட். சீஃப் கெஸ்ட் வர்றதுக்கு மொத நாள். தரைக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சு, கோலம் போட்டு, வண்டிக்கு மாலை வாங்கி வெச்சாச்சு. ஞானசேகரன் சார் வந்து குனிஞ்சு பாத்து, "என்னம்மா இது, சொட்டுது? அவங்க வர்ற நேரத்துல தரை கறையாயிருச்சுன்னா அசிங்கம்"னாரு. பரணி அன்னைக்கு இல்ல, அரியர் பரீட்சை எழுதப் போயிட்டான். அவதான் கீழ படுத்துப் பாத்தா. பம்புக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு ஓட்டை, அதுலருந்து நிதானமா, ஒண்ணு, அப்பறம் ஒண்ணு. வார்ப்புல விட்ட ஓட்டைன்னு நெனச்சா. நெனச்சாளா, இல்ல நேரமில்லன்னு நெனைக்காமயே விட்டாளா. எம்சீல் பெசஞ்சு, உருட்டி, கட்டை வெரலால அமுக்கி, காஞ்சதும் மேல கருப்பு ஸ்ப்ரே அடிச்சு விட்டா. மறுநாள் சாரு எல்லாரு முன்னாடியும், "ஒரு சொட்டு இல்ல பாத்தீங்களா, எங்க கேப்டன் வேலை"ன்னாரு. கைதட்டுனாங்க. அந்தக் கைதட்டு அவளுக்கு ரொம்ப நாள் காதுல இருந்துச்சு. ஓட்டை எட்டு நாள்ல மறந்து போச்சு.

பன்னெண்டு. மணி மூணு முப்பத்தஞ்சு. எந்திரிச்சு ஒரு வெள்ளைக் கிண்ணத்த இஞ்சினுக்கு அடியில வெச்சு, ஆயிலை வடிக்கற ட்ரெயின் போல்ட்டை மெதுவாத் தளர்த்துனா. நேத்துப் பழசெல்லாம் வடிச்சு, கழுவி விட்டுட்டு, இன்னிக்குத்தான் புது ஆயில் ஊத்தியிருக்கா, இஞ்சின ஓட்டல. உள்ள தண்ணி எறங்கியிருந்தா அது ஆயிலுக்கு அடியில போய்ப் படுத்திருக்கும், மொதல்ல அதான் வரும். மொதல்ல பச்சையா வந்துச்சு. ஒரு மூடி அளவு, கிளி கழுத்துப் பச்சை, அதுக்கப்பறம் தேன் கலர்ல ஆயிலு. போல்ட்டை முடுக்கிட்டா. கிண்ணத்துல ரெண்டு கலரும் ஒட்டாம தனித்தனியா கெடந்துச்சு. யாருக்கும் தெரியாது. இதுதான் அடுத்து வந்து நின்ன நெனப்பு, ரொம்ப மரியாதையா, செருப்பக் கழட்டி விட்டுட்டு உள்ள வர்ற விருந்தாளி மாதிரி வந்துச்சு. கருப்புப் பெயின்ட்டுக்கு மேல எட்டு மாசச் சேறு. ஒரு பிளேடெடுத்துச் சொரண்டிட்டு, பம்பு சீல்லு போச்சு சார், யாரு மேலயும் தப்பில்லன்னு சொல்லிரலாம். அதுவும் வேணாம், பேசாம விட்டுட்டா நாலு மணிக்கு லிஸ்ட்டு போயிரும், அப்பறம் போட்டிக்கு மொத நாளு புது சீல்லு போட்டுக்கலாம். பக்கெட்டக் கட்டிலுக்கு அடியில தள்ளுனாப்புல. தள்ளிரலாம், அவ்வளவு அசதி, இன்னொரு சண்டை போட ஒடம்புல ஒண்ணுமில்ல, அதுவும் எதுர்ல நிக்கற ஆளே தான்தான்னு ஆகறப்ப. அவ தரையில மல்லாந்து படுத்தா. சிமென்ட்டு சுட்டுச்சு. இரும்பறுக்கற ஆக்ஸா பிளேடு நுனியால சேத்தைத் தட்டுனா, பெயின்ட்டைச் சொரண்டுனா. உள்ள சாம்பல் கலர்ல எம்சீலு, நடுவுல குழியா ஒரு அமுக்கு. அவ கட்டை வெரல அதுல வெச்சுப் பாத்தா. அளவெடுத்துத் தெச்ச மாதிரி உக்காந்துச்சு. வெரல எடுத்துட்டு பிளேடை விட்டு நெம்புனா. வரல. நல்லாத்தான் அடைச்சிருக்கா. மறுபடி நெம்புனா. ஒரு துண்டு கண்ணு மேலயே விழுந்துச்சு, அப்பறம் இன்னொண்ணு, அப்பறம் நெத்தியில ஈரம். பச்சைத் தண்ணி. ஒண்ணு. கொஞ்சம் பொறுத்து ஒண்ணு. எட்டு மாசமா சொல்ல வந்தத இப்பச் சொல்லுது.

படுத்தபடியே போன எடுத்து சாரைக் கூப்புட்டா. "சொல்லும்மா, டெஸ்ட் முடிஞ்சுதா? கேஸ்கட்தான? லிஸ்டை அனுப்பிரட்டுமா?" "கேஸ்கட் நல்லா இருக்குங்க சார். பம்பு சீல்லு. அடியில இருக்கற ஓட்டைய ஆகஸ்ட்ல நான் அடைச்சேன். வெளிய போகவேண்டிய தண்ணி உள்ள போயிருக்கு." "நீயாம்மா?" "நாந்தான் சார். சொட்டுதுன்னு நீங்க சொன்னீங்க, அடைச்சது நானு." "சரி. லெட்டர வாபஸ் வாங்கணும்னா எழுத்துல குடுக்கணும். காரணம் போடணும். என்னன்னு போடுவ?" "நடந்ததப் போடறேன்." "ஹெச்ஓடி படிப்பாரும்மா. கேப்டன் நீ." "படிக்கட்டும் சார். கேப்டன் யாருன்னு அவரே சொல்லட்டும். பரணி பேரை எடுக்காதீங்க." சாரு பெருமூச்சு விட்டாரு. "நாலரை வரைக்கும் டைமு. பையன் ஊருக்குப் போயிட்டான்னு சொல்றாங்க, வருவானான்னு மொதல்ல கேளு."

அதான் கஷ்டம். சாருகிட்டப் பேசறது ஒண்ணுமில்ல. பரணி நம்பர அமுத்திட்டு, எடுக்கக் கூடாதுன்னு ஒரு மனசு, எடுத்துரணும்னு ஒரு மனசு. ஆறாவது ரிங்குல எடுத்தான். பின்னாடி ஒரே எரைச்சல், பஸ்ஸு, ஆரன், வெள்ளரிப் பிஞ்சு விக்கறவன். "சொல்லு." "எங்க இருக்க?" "கரூர்ல. தேனி வண்டிக்கு நிக்கேன். எதுவும் திட்டணும்னா சீக்கிரம் திட்டு, சார்ஜ் இல்ல." மன்னிச்சுருங்கற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, பழக்கமில்லாத எடம்னு திரும்பிப் போயிருச்சு. "பம்புக்கு அடியில ஒரு ஓட்டை இருக்குமில்ல. அத நான் எம்சீல் வெச்சு அடைச்சிருந்தேன். ஆகஸ்ட்ல. உன் கேஸ்கட்ல ஒண்ணுமில்ல. பஞ்சு விட்டுப் பாத்தேன், காஞ்சு கெடக்கு. நேத்தே குமிழி வரல, அதையும் பாத்தேன்." வெள்ளரிப் பிஞ்சுக்காரன் கூவிக்கிட்டே இருந்தான். "அந்த ஓட்டையவா"ன்னான் பரணி. "ம்." "எம்சீல் வெச்சா." "ம்." "அத்தன பேரு முன்னாடி கேட்டயே, வாணி. நான் குடிச்சனான்னு." "ஆமா. கேட்டேன்." அந்தப் பக்கம் யாரோ, "திண்டுக்கல் வத்தலக்குண்டு தேனி, தேனி ஏறு"ன்னு கத்துனாங்க. அவ கண்ணை மூடிக்கிட்டா. நெத்தியில ஒரு சொட்டு. "இப்பச் சொட்டுதா?" "சொட்டுது." "முள்ளு எங்க நிக்கி?" "பதினொண்ணுல." "பதினஞ்சுக்கு ஏத்து. ஏத்திட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தன சொட்டுன்னு எண்ணு. சீல்லு மட்டும் போயிருக்கா, ஷாஃப்ட்டையே தின்னுருச்சான்னு பாக்கணும். ஷாஃப்ட்டு போச்சுன்னா ஒரு வாரத்துல ஒண்ணும் பண்ண முடியாது." "பரணி, வண்டி வந்துருச்சில்ல, நீ..." "எண்ணுன்னா எண்ணு. சத்தமா." அவ எந்திரிச்சுக் கைப்பம்பை அமுத்துனா, பதினஞ்சு, மறுபடி கீழ படுத்தா, போனக் காதுல வெச்சுக்கிட்டா. ஒண்ணு. ரெண்டு. நாலு வருஷத்துல அவன்கிட்ட இவ்வளவு மெதுவா அவ பேசுனதே இல்ல. ஏழு. எட்டு. "தேனி தேனி, ரைட்டு"ங்குது அந்தப் பக்கம். பதினொண்ணு. கியர் விழற சத்தம், ஒரு நீட்டு ஆரன், அது கொஞ்சங் கொஞ்சமா தூரமாப் போச்சு. அவ நிறுத்திட்டா. வெள்ளரிப் பிஞ்சுக்காரன் கொரல் மட்டும் அதே எடத்துலருந்து, அதே சத்தத்துல. "ஏன் நிறுத்துன"ன்னான் பரணி. "பதினொண்ணு சொன்ன. அடுத்து?"